காலம்–ஆற்றல் நிச்சயமின்மைக் கணக்குகள்: எதை முதலில் பார்ப்பது, எங்கே வழுக்கும்

கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரத்தில் இயற்பியல் பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். சித்தூர், பாலக்காடு கல்லூரிகளில் படிப்பவர்களும் வருகிறார்கள், மீனாட்சிபுரம் தாண்டிப் பொள்ளாச்சியில் படிப்பவர்களும் வருகிறார்கள். பல்கலைக்கழகம் வேறு, பாடநூல் வேறு. ஆனாலும் காலம்–ஆற்றல் நிச்சயமின்மைக் கணக்கு வந்தால் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள்: டெல்டா ஈ × டெல்டா டீ ≥ ஹெச்பார் பை டூ என்ற சூத்திரத்தை எழுதி (ஈ ஆற்றல், டீ காலம்), கேள்வியில் விநாடி என்று எங்கே கண்ணில் பட்டாலும் அந்த எண்ணை எடுத்து டெல்டா டீ-யில் போட்டுவிடுவது.

விடை சில சமயம் சரியாகவும் வந்துவிடும். அதுதான் ஆபத்து. கீழே உள்ள வரிசையில் போனால் சூத்திரம் கடைசியில்தான் வரும். பருவத்தேர்வுக்கும் நெட், ஜாம், கேட் தேர்வுகளுக்கும் இதே வரிசை போதும். குறியீடுகளை போர்டில் வாய்விட்டுச் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் எண்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

ஹெச்பாரை (பிளாங்க் மாறிலி ஹெச்சை இரண்டு பை-யால் வகுத்தது) ஜூலில் மனப்பாடம் செய்து, கணக்குக்குக் கணக்கு 1.6 × 10⁻¹⁹ ஆல் வகுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அணு, கரு, துகள் மூன்றிலும் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில்தான் வரும். அடுக்குக்குறி தவறுவது பெரும்பாலும் இந்த வகுத்தலில்தான்.

ஹெச்பார் = 6.582 × 10⁻¹⁶ எலக்ட்ரான் வோல்ட்-விநாடி. மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் கேட்டால் 10⁻²², கிகாவில் கேட்டால் 10⁻²⁵. முன்னால் உள்ள எண் மாறாது.

ஹெச் = 4.136 × 10⁻¹⁵ எலக்ட்ரான் வோல்ட்-விநாடி. ஹெச்பாரை ஒளிவேகத்தால் பெருக்கினால் 197.3 மெகா எலக்ட்ரான் வோல்ட்-ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்). ஹெச்சை ஒளிவேகத்தால் பெருக்கினால் 1240 எலக்ட்ரான் வோல்ட்-நானோமீட்டர்.

கூடவே ஒரு வரி: சராசரி ஆயுட்காலம் = அரை ஆயுட்காலம் ÷ 0.693. இந்த வரி எவ்வளவு மார்க்கைக் காப்பாற்றும் என்பது நாலாம் பகுதியில் தெரியும்.

2. இந்த டெல்டா டீ யாருடையது?

மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ரஃப் ஒர்க்கில் வேறு எதையும் எழுதும் முன் இதற்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள்.

இடம்–உந்தம் தொடர்பில் இந்தச் சிக்கல் கிடையாது. இடத்துக்கு ஒரு செயலி (ஆபரேட்டர்) உண்டு, உந்தத்துக்கு ஒரு செயலி உண்டு. அலைச்சார்பைக் கொடுத்தால் இரண்டின் திட்ட விலக்கத்தையும் கணக்கிட்டுவிடலாம். குவாண்டம் இயக்கவியலில் காலம் அப்படி இல்லை. அது சமன்பாட்டில் வெளியிலிருந்து ஓடும் ஒரு அளவு. ஆற்றலுக்குக் கீழெல்லை இருக்கும் வரை, ஹாமில்டோனியனுக்கு (ஆற்றலுக்கான செயலிக்கு) இணையான காலச் செயலி ஒன்றை வழக்கமான முறையில் அமைக்க முடியாது என்று இயற்பியலாளர் வுல்ஃப்காங் பாலி குவாண்டம் இயக்கவியலின் தொடக்க காலத்திலேயே காட்டிவிட்டார். ஆகவே டெல்டா டீ என்பது காலத்தின் திட்ட விலக்கம் அல்ல. ஒவ்வொரு கணக்கிலும் அது வேறு ஒன்றின் பெயர்.

தேர்வுகளில் வருவது பெரும்பாலும் நாலே வகை. சிதையும் நிலை ஒன்றின் சராசரி ஆயுட்காலம். ஒளித்துடிப்பு ஒன்றின் நீளம். ஒரு எதிர்பார்ப்பு மதிப்பு கண்ணுக்குத் தெரியும்படி மாற எடுக்கும் நேரம். விசையைக் கடத்தும் துகளுக்கு மதிப்பீடாக வைக்கும் நேரம்.

இந்த நாலில் வராதவை இரண்டு: கடிகாரத்தின் பிழை, அளவிட எடுத்துக்கொண்ட நேரம். 'இவ்வளவு நேரம் அளந்தால் ஆற்றலை இதைவிடத் துல்லியமாக அறிய முடியாது' என்று பல நோட்டுகளில் பார்க்கிறேன். பொது விதியாக அது நிற்காது. ஹாமில்டோனியன் முன்கூட்டியே தெரிந்திருந்தால், குறுகிய நேரத்திலும் ஆற்றலைத் துல்லியமாக அளக்கலாம் என்று அகரனோவும் போமும் 1961-லேயே காட்டியிருக்கிறார்கள்.

3. ஹெச்பாரா, அதில் பாதியா?

வகுப்பில் அடிக்கடி நடக்கும் சண்டை இது. ஒருவர் நோட்டில் ஹெச்பார் பை டூ, இன்னொருவர் நோட்டில் ஹெச் பை ஃபோர் பை, மூன்றாமவர் நோட்டில் வெறும் ஹெச்பார். முதல் இரண்டும் ஒன்றேதான், அதில் சண்டைக்கே இடமில்லை. மூன்றாவதும் தப்பில்லை, அது வேறு கேள்விக்கான விடை.

சிதையும் நிலையின் நிகழ்தகவு டௌ என்ற சராசரி ஆயுட்காலத்தோடு அடுக்குக்குறியாகக் குறைகிறது. நிகழ்தகவு அப்படிக் குறைந்தால் வீச்சு (ஆம்ப்ளிட்யூட்) அதில் பாதி வேகத்தில் குறையும், அதாவது இரண்டு டௌ என்ற கால அளவில். அந்த வீச்சை ஃபூரியர் மாற்றம் செய்தால் ஆற்றலில் லொரன்ஸ் வடிவ வளைவு கிடைக்கும். பாதி உயரத்தில் அதன் முழு அகலம் காமா:

காமா = ஹெச்பார் ÷ டௌ

இது சமன்பாடு, சமனின்மை அல்ல. இதே வளைவின் அரை அகலம் ஹெச்பார் ÷ (2 × டௌ). நோட்டில் இருக்கும் 'பாதி' இந்த அரை அகலத்தோடு எண்ணளவில் ஒத்துப்போவதால்தான் குழப்பம். லொரன்ஸ் வளைவுக்குத் திட்ட விலக்கம் கணக்கிட்டால் முடிவிலி வரும். எனவே திட்ட விலக்கத்துக்கான சமனின்மையை இங்கே நேராகப் போட்டு அகலம் எடுக்க வழியே இல்லை.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் 'வரியகலம்', 'இயற்கை அகலம்', 'காமா' என்று வந்தால் ஹெச்பார். 'குறைந்தபட்ச நிச்சயமின்மை' என்று வந்தால் ஹெச்பார் பை டூ. ஆப்ஷன்கள் பத்துப் பத்து மடங்கு தள்ளி இருந்தால் எதைப் போட்டாலும் அதே ஆப்ஷன்தான் கிடைக்கும், நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு ஆப்ஷன்களுக்கு நடுவே சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தால், கேள்வி கேட்டவர் இந்த இடத்தைத்தான் சோதிக்கிறார்.

4. சிதையும் நிலை: ஒரு கணக்கை முழுசாக

இரும்பு-57 கருவின் 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கிளர்வு நிலைக்கு அரை ஆயுட்காலம் சுமார் 98 நானோ விநாடி. காமா கதிரின் இயற்கை அகலம் என்ன?

முதல் வரி: டெல்டா டீ இங்கே கிளர்வு நிலையின் சராசரி ஆயுட்காலம். கேள்வியில் கொடுத்திருப்பது அரை ஆயுட்காலம். ஆகவே 98 ÷ 0.693 = 141 நானோ விநாடி.

இரண்டாம் வரி: அகலம் கேட்கிறார்கள், எனவே ஹெச்பார்.

மூன்றாம் வரி: 6.582 × 10⁻¹⁶ ÷ 1.41 × 10⁻⁷ = 4.67 × 10⁻⁹ எலக்ட்ரான் வோல்ட்.

98-ஐ அப்படியே போட்டவருக்கு 6.7 × 10⁻⁹ வரும். பார்க்க நம்பும்படிதான் இருக்கும், ஆப்ஷனிலும் இருக்கும்.

இந்த அகலத்தை 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் 3.2 × 10⁻¹³. இதை ஒளிவேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு 0.097 மில்லிமீட்டர். கதிர் மூலத்தை இந்த வேகத்தில் நகர்த்தினாலே டாப்ளர் விளைவால் ஆற்றல் ஒரு முழு அகலம் தள்ளிப்போகும். எறும்பு ஊரும் வேகம்கூட இல்லை. மோஸ்பவர் விளைவு ஆய்வகத்தில் மூலம் மெல்ல முன்னும் பின்னும் அசைவது ஏன் என்பது இந்த எண்ணிலிருந்தே விளங்கும். தனி அணுவாக இருந்தால் பின்னுதைப்பு ஆற்றல் மட்டும் ஏறத்தாழ 2 × 10⁻³ எலக்ட்ரான் வோல்ட், அதாவது அகலத்தைப் போல நாலு லட்சம் மடங்கு. படிகம் முழுவதும் சேர்ந்து அந்த உதையை வாங்கிக்கொள்வதால்தான் ஒத்ததிர்வே கிடைக்கிறது.

இந்த வகையில் இன்னும் மூன்று இடங்களில் வழுக்கும்.

கீழ்நிலையும் கிளர்வு நிலையாக இருப்பது. ஹைட்ரஜனில் மூன்றாம் மட்டத்தின் டி நிலையிலிருந்து இரண்டாம் மட்டத்தின் பி நிலைக்கு இறங்கும் வரியை எடுங்கள். மேல்நிலை சுமார் 15.6 நானோ விநாடி வாழும், கீழ்நிலை 1.6 நானோ விநாடிதான். வரியகலம் இரண்டு அகலங்களின் கூட்டுத்தொகை. மேல்நிலையை மட்டும் பார்த்தால் 10 மெகா ஹெர்ட்ஸ், இரண்டையும் சேர்த்தால் சுமார் 110 மெகா ஹெர்ட்ஸ். கீழ்நிலை அடிநிலையாக இருந்தால் மட்டுமே அதை விட்டுவிடலாம், ஏனென்றால் அடிநிலைக்கு அகலம் இல்லை.

பகுதி அகலம். ஒரு துகள் பல வழிகளில் சிதையும்போது ஆயுட்காலத்தை முடிவு செய்வது மொத்த அகலம். ஒரு வழிக்கான அகலத்தைக் கொடுத்து, அந்த வழியின் பங்கு இத்தனை சதவீதம் என்று சொல்லியிருந்தால், முதலில் வகுத்து மொத்தத்துக்குப் போங்கள். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி ஆயுட்காலம் என்று ஒன்று கிடையாது.

கருவியில் தெரியும் அகலத்தை இயற்கை அகலம் என்று எடுத்துக்கொள்வது. சோடியத்தின் 589 நானோமீட்டர் வரிக்கு மேல்நிலை ஆயுட்காலம் 16.2 நானோ விநாடி, இயற்கை அகலம் 9.8 மெகா ஹெர்ட்ஸ். அறை வெப்பநிலையில் அணுக்களின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் அகலம் 1.3 கிகா ஹெர்ட்ஸ். இயற்கை அகலம் அதற்குள் அடங்கிப்போகும். ஆய்வகத்தில் பார்த்த அகலத்திலிருந்து நேராக ஆயுட்காலம் எடுத்தால் நூறு மடங்குக்கு மேல் தப்பும்.

எதிர்த்திசையிலும் கேட்பார்கள். டெல்டா துகளின் அகலம் 117 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் ஆயுட்காலம் 6.582 × 10⁻²² ÷ 117 = 5.6 × 10⁻²⁴ விநாடி. இவ்வளவு சிறிய நேரத்தை எந்தக் கடிகாரமும் அளக்கவில்லை. அளந்தது அகலத்தை மட்டும்தான்.

5. அலைநீளத்துக்கு மாற்றும்போது நிதானம்

இதற்குத் தனி எண் கொடுத்திருப்பதே, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இங்கே தடுக்கி விழுவதால்தான். அதிர்வெண் அகலம் 9.8 மெகா ஹெர்ட்ஸ் கிடைத்ததும் ஒளிவேகத்தை அதால் வகுத்து 'அலைநீள அகலம் 30.6 மீட்டர்' என்று எழுதுவார்கள். 589 நானோமீட்டர் ஒளிக்கு அகலம் ஒரு தென்னை மர உயரமாம்! எழுதிய பிறகாவது எண்ணைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

அலைநீளமும் அதிர்வெண்ணும் தலைகீழ் உறவுள்ளவை. அதனால் வகைக்கெழு எடுத்துத்தான் மாற்ற வேண்டும்:

அலைநீள அகலம் = அலைநீளத்தின் வர்க்கம் × அதிர்வெண் அகலம் ÷ ஒளிவேகம்

சோடியத்துக்குப் போட்டால் 1.1 × 10⁻⁵ நானோமீட்டர். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஆற்றல், அதிர்வெண், அலைநீளம் மூன்றிலும் அகலத்தை மதிப்பால் வகுத்த பின்னம் ஒன்றேதான். அந்தப் பின்னத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் எதற்கு வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்.

6. ஒளித்துடிப்பு

நாகஸ்வரத்தில் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தால் சுருதி துல்லியமாகத் தெரியும். அதையே கணநேரம் ஊதி நிறுத்தினால் என்ன ஸ்வரம் என்று காதுக்குப் பிடிபடாது. இது குவாண்டத்துக்கு முந்தைய விஷயம், அலை என்றாலே வரும் ஃபூரியர் உண்மை. ஆற்றல் = ஹெச்பார் × கோண அதிர்வெண் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் குவாண்டம் ஆகிவிடுகிறது.

லேசர் கணக்குகளில் துடிப்பின் நீளத்தையும் நிறமாலை அகலத்தையும் பாதி உயரத்தில்தான் அளப்பார்கள், திட்ட விலக்கத்தில் அல்ல. காஸியன் துடிப்புக்கு அந்த இரு அகலங்களின் பெருக்கற்பலன் குறைந்தது 0.441. இங்கே ஹெச்பார் பை டூ-வை நேராகப் போட்டால் ஐந்து மடங்குக்கு மேல் குறைந்துபோகும்.

10 ஃபெம்டோ விநாடி, 800 நானோமீட்டர்: அதிர்வெண் அகலம் 44 டெரா ஹெர்ட்ஸ். முந்தைய பகுதியின் சூத்திரத்தில் போட்டால் அலைநீள அகலம் 94 நானோமீட்டர். இவ்வளவு குறுகிய துடிப்பை ஒற்றை நிறம் என்று சொல்ல முடியாது.

7. மாறுவதற்கு எடுக்கும் நேரம்

மண்டெல்ஸ்டாமும் டாமும் 1945-ல் தந்த வடிவம்தான் இந்தத் தொடர்பின் கறாரான வடிவம். ஒரு செயலியின் திட்ட விலக்கத்தை, அதன் எதிர்பார்ப்பு மதிப்பு மாறும் வேகத்தால் வகுங்கள். அதுதான் டெல்டா டீ. அதாவது, எதிர்பார்ப்பு மதிப்பு தன் சொந்தப் பரவல் அளவுக்கு நகர எடுக்கும் நேரம். இந்த வடிவத்தில் ஹெச்பார் பை டூ-வும் சமனின்மையும் அப்படியே செல்லும்.

செய்யும் வரிசை: முதலில் நிலையை ஆற்றல் நிலைகளின் கூட்டாக எழுதுங்கள். பிறகு டெல்டா ஈ. அதன் பிறகுதான் நேரம். இந்த வரிசை ஏன் என்றால், முதல் படியிலேயே ஒரே ஒரு ஆற்றல் நிலை மட்டும் வந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். டெல்டா ஈ பூச்சியம், எதுவும் மாறாது, நேரம் முடிவிலி. பெட்டிக்குள் இருக்கும் துகள் அடிநிலையில் இருக்கும்போது 'டெல்டா ஈ காண்க' என்று கேட்டால், பெட்டியின் நீளத்தை வேகத்தால் வகுத்து நேரம் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு எண்ணை இழுத்துக்கொண்டு வருவார்கள். விடை பூச்சியம்.

அம்மோனியா மூலக்கூறு நல்ல உதாரணம். நைட்ரஜன் ஒரு பக்கத்தில் இருக்கும் நிலை, அருகருகே உள்ள இரண்டு ஆற்றல் நிலைகளின் சம பங்குக் கூட்டு. அவற்றின் இடைவெளி 23.87 கிகா ஹெர்ட்ஸ், அதாவது 9.87 × 10⁻⁵ எலக்ட்ரான் வோல்ட்.

டெல்டா ஈ என்பது இந்த இடைவெளி அல்ல, அதில் பாதி. இரண்டு மதிப்புகள் சம நிகழ்தகவோடு இருந்தால் சராசரி நடுவில் விழும், விலக்கம் இரு பக்கமும் பாதிப் பாதி. முழு இடைவெளியைப் போடுபவர்களே அதிகம்.

நைட்ரஜன் எதிர்ப்பக்கத்துக்கு முழுசாகப் போக வேண்டுமானால் நிலை தனக்குச் செங்குத்தான நிலையாக மாற வேண்டும். அதற்கான கீழெல்லை ஹெச் ÷ (4 × டெல்டா ஈ). டெல்டா ஈ 4.93 × 10⁻⁵ என்று போட்டால் 2.1 × 10⁻¹¹ விநாடி, 21 பிக்கோ விநாடி. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நேராகத் தீர்த்தாலும் இதே 21-தான் வரும், ஏனென்றால் சம பங்குள்ள இரு நிலை அமைப்பில் எல்லை அப்படியே எட்டப்படுகிறது. மூன்றாவது ஆற்றல் நிலை ஒன்று கலந்தால் இந்தச் சமம் பொதுவாகக் கிடைக்காது, கீழெல்லையை விடையாக எழுதிவிடாதீர்கள்.

8. விசை எட்டும் தூரம்: இது மதிப்பீடு மட்டும்

யுகாவா 1935-ல் முன்வைத்த கருத்தைப் பாடநூல்கள் இப்படிச் சுருக்குகின்றன: அணுக்கரு விசையைக் கடத்தும் பையான் துகளின் நிறை ஆற்றலை டெல்டா ஈ-யாக எடு, ஹெச்பாரை அதால் வகுத்து நேரம் காண், ஒளிவேகத்தால் பெருக்கு. ஒரே வரியில்: 197.3 ÷ 140 = 1.4 ஃபெர்மி. அணுக்கரு விசை எட்டும் தூரத்தோடு ஒத்துப்போகிறது. 80.4 கிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள டபிள்யூ துகளுக்குப் போட்டால் 0.0025 ஃபெர்மி.

இங்கே ஹெச்பார் பை டூ போட்டு 0.7 ஃபெர்மி என்று எழுதியவரோடு நான் வாதாட மாட்டேன், இது படிவரிசை மதிப்பீடுதான். ஆனால் 'அந்த நேரத்துக்கு ஆற்றல் அழிவின்மை விதி மீறப்படுகிறது' என்று விளக்கத்தில் எழுதினால் மார்க் குறைப்பேன். ஃபைன்மன் படத்தின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஆற்றலும் உந்தமும் அழியாமல்தான் இருக்கின்றன. இடையில் போகும் மெய்நிகர் துகளுக்கு ஆற்றல், உந்தம், நிறை மூன்றையும் இணைக்கும் வழக்கமான சமன்பாடு பொருந்துவதில்லை, அவ்வளவுதான். 'இயற்கையிடம் கடன் வாங்குகிறது' என்ற பேச்சு மேடைக்கு நன்றாக இருக்கும், விடைத்தாளுக்கு வேண்டாம்.

9. விடையை மூடும் முன்

அகலத்தை ஆற்றலால் வகுத்துப் பாருங்கள். அணு வரிகளுக்கு இந்தப் பின்னம் 10⁻⁷, 10⁻⁸ பக்கம் வரும். இரும்பு-57 போன்ற கருக்களுக்கு 10⁻¹³ பக்கம். ஒன்றை விடப் பெரிதாக வந்தால் அலகு மாற்றத்தில் தவறு இருக்கிறது, அல்லது அரை ஆயுட்காலத்தை விடப் பெரிய குழப்பம் ஏதோ நடந்திருக்கிறது.

ஆயுட்காலம் கேட்டிருந்தால், சிதைவு எந்த விசையால் என்று பாருங்கள். வலுவான விசை என்றால் 10⁻²³, 10⁻²⁴ விநாடி. நடுநிலைப் பையான் மின்காந்த முறையில் சிதைகிறது, 8.5 × 10⁻¹⁷ விநாடி. மின்சுமையுள்ள பையான் மென்விசையால் சிதைகிறது, 2.6 × 10⁻⁸ விநாடி. உங்கள் விடை இந்தக் கட்டங்களில் எங்கே உட்காருகிறது என்று பார்க்கப் பத்து நொடி போதும்.

மூன்று கணக்குகளை நீங்களே போட்டுப் பாருங்கள். நடுநிலைப் பையானின் அகலம். 2.495 கிகா எலக்ட்ரான் வோல்ட் அகலமுள்ள இசட் துகளின் ஆயுட்காலம். பெட்டிக்குள் முதல் இரண்டு நிலைகளின் சம பங்குக் கூட்டில் உள்ள துகள், தனக்குச் செங்குத்தான நிலையை அடையும் நேரம். விடைகள் வரிசையாக: 7.7 எலக்ட்ரான் வோல்ட், 2.6 × 10⁻²⁵ விநாடி. பை × ஹெச்பாரை அடிநிலை ஆற்றலின் மூன்று மடங்கால் வகுத்தது. மூன்றாவதில் உங்களுக்குப் பாதி மட்டும் வந்திருந்தால், ஏழாம் பகுதியில் 'இடைவெளி அல்ல, அதில் பாதி' என்ற வரிக்குத் திரும்பிப் போங்கள்.